போஹன்தூனா, தானிஷ்காவா? ஆப்கானிஸ்தானின் இரு மொழிகளும் மற்ற மொழிகளும்

கேள்வி இது: ஆப்கானிஸ்தானில் பஷ்தோ, தாரி இரண்டும் ஆட்சிமொழிகள் என்கிறார்கள். எது பெரும்பான்மை மொழி? தாரியும் பாரசீகமும் ஒன்றுதானா? அங்கே நடப்பதும் நம் ஊரில் இந்தியை எதிர்த்து நடந்தது போன்ற சண்டைதானா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

டெல்லியில் சில ஆண்டுகள் லாஜ்பத் நகர்ப் பக்கம் குடியிருந்தேன். சிகிச்சைக்கும் அடைக்கலத்துக்கும் வந்த ஆப்கானியர்கள் நிறைய இருக்கும் பகுதி அது. எங்கள் தெருமுனையில் காபூல்காரர் ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். மாலையில் தந்தூர் அடுப்பிலிருந்து முழ நீள ரொட்டிகளை இரும்புக் கொக்கியால் எடுத்து அடுக்குவார். ஒரு நாள் கந்தஹார்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "ஸ்தரை ம ஷே" என்றார். 'களைத்துப் போகாதிருப்பாய்' என்று பொருள். பஷ்தோ பேசும் பஷ்தூன்கள் வேலையில் இருப்பவரைப் பார்த்ததும் சொல்லும் முகமன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே "ஸிந்தா பாஷேன்" என்றார். 'வாழ்க நீங்கள்' என்று தாரியில். பெரியவர் "டோடை" கேட்டார், கடைக்காரர் எத்தனை "நான்" என்று கேட்டார்; இரண்டும் ரொட்டிதான். ஒருவர் பஷ்தோவை விடவில்லை, மற்றவர் தாரியை விடவில்லை. ரொட்டி கைமாறியது, காசு கைமாறியது, பெரியவரின் முழங்கால் வலி பற்றியும் பேசி முடித்தார்கள். தாரிக்காரர்களும் வேலை செய்பவரைக் கண்டால் "மாந்தா நபாஷி" என்பார்கள். அதற்கும் அதே பொருள்: களைக்காதிரு. சொல் வேறு, பழக்கம் ஒன்று.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காபூலில் தொலைக்காட்சி விவாதங்கள் இப்படித்தான் நடந்தன. நெறியாளர் தாரியில் கேட்பார், விருந்தினர் பஷ்தோவில் பதில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட மாட்டார். நாடாளுமன்றத்திலும் அப்படியே. படித்த ஆப்கானியர் ஒருவருக்கு மற்ற மொழியைப் பேச வராவிட்டாலும் காதில் விழுந்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். அதனால் அங்குள்ள சிக்கலை 'ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை' என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். சண்டை வருவது பெயர்ப்பலகையில், அடையாள அட்டையில், தேசிய கீதத்தில்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆப்கானிஸ்தானில் முழுமையாக நடந்து முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. 1979-இல் ஒன்றைத் தொடங்கினார்கள்; நாடு கலவரத்தில் இருந்ததால் பாதியில் நின்றது. ஆகவே இணையத்தில் புழங்கும் சதவீதங்கள் எல்லாமே மதிப்பீடுகள். தாரி பேசத் தெரிந்தவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு மேல், பஷ்தோ பேசுபவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர், உஸ்பெக் பேசுபவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில் ஒரு கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். பலருக்கு இரண்டு மொழிகள் தெரியும் என்பதுதான் அதன் பொருள். தாய்மொழி என்று பார்த்தால் பஷ்தோவே பெரிய தனிமொழி என்று பஷ்தூன்கள் சொல்வார்கள். புழக்கம் என்று பார்த்தால் தாரிதான் என்று தாரி பேசும் இனங்களான தாஜிக்குகளும் ஹஸாராக்களும் சொல்வார்கள். இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எண்ணிப் பார்த்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் இரு பக்கமும் தயங்குவார்கள்.

இன்னொன்று. பஷ்தோ பேசுபவர்கள் ஆப்கானிஸ்தானைவிடப் பாகிஸ்தானில்தான் அதிகம். 2017 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தான் மக்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு அதுதான் தாய்மொழி. 1893-இல் ஆங்கிலேயர் போட்ட டியூராண்டு கோடு என்னும் எல்லைக்கோடு பஷ்தூன் நிலத்தின் நடுவே போயிற்று. ஆள் அதிகமாக இருக்கும் நாட்டில் அது தேசிய அளவில் ஆட்சிமொழி இல்லை; ஆள் குறைவாக இருக்கும் நாட்டில் ஆட்சிமொழி.

இனி கதையின் முடிச்சு. 1747-இல் அகமது ஷா துரானி கந்தஹாரில் அரியணை ஏறியதிலிருந்து, சிறு இடைவெளிகள் நீங்கலாக, நாட்டை ஆண்டவர்கள் பஷ்தூன்கள். ஆனால் ஆண்ட மொழி பாரசீகம், அதாவது இன்று அங்கே தாரி எனப்படுவது. அகமது ஷா பஷ்தோவில் கவிதை எழுதியவர்; அவருடைய அலுவலர்கள் வரிக்கணக்கு எழுதியது பாரசீகத்தில். அவர் மகன் தைமூர் ஷா 1770களில் தலைநகரைக் கந்தஹாரிலிருந்து காபூலுக்கு மாற்றினார். பஷ்தோ ஊரிலிருந்து பாரசீக ஊருக்கு. அரண்மனையில் எழுதியவர்கள், எண்ணியவர்கள், காவல் காத்த, ஈரானிலிருந்து வந்த படைவீரர் குலத்தினரான கிஸில்பாஷ்கள் எல்லோரும் பாரசீகம் பேசினார்கள். இரண்டு தலைமுறையில் அரச குடும்பத்தின் வீட்டு மொழியும் அதுவாகிவிட்டது. அதிகாரம் ஒரு மொழிக்காரர்களிடம், கோப்பு இன்னொரு மொழியில். அங்கே எழுந்த மொழிச் சண்டைகளில் எதை எடுத்துக் கிளறினாலும் அடியில் இந்தப் பொருந்தாமைதான் கிடக்கும்.

இதை எங்கோ அயல்நாட்டு விந்தை என்று நினைக்க வேண்டாம். முகலாயர்களும் தக்காணத்துச் சுல்தான்களும் ஆற்காட்டு நவாப்பும் ஆண்டதும் இதே பாரசீகத்தில்தான். சர்க்கார், தர்பார், பஜார், ஜமீன் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த அரசு அலுவலகங்கள் வழியாக வந்து சேர்ந்தவை. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து பாரசீகக் கோப்பைப் பிடுங்கி ஆங்கிலக் கோப்பைத் திணித்தார்கள். காபூலில் அது நடக்கவில்லை. அங்கே கோப்பு அப்படியே இருந்தது.

1930களில் அரசு அதை மாற்ற முனைந்தது. பஷ்தோவே தேசிய மொழி என்று ஆணை வந்தது. அலுவலர்கள் குறித்த காலத்துக்குள் பஷ்தோ கற்க வேண்டும் என்றார்கள். வேலை நேரம் முடிந்ததும் வகுப்புகள் நடந்தன. பாரசீகம் பேசும் ஊர்களிலும் பள்ளிப் பாடம் பஷ்தோவுக்கு மாறியது. ஆசிரியருக்கே வராத மொழியில் பாடம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு பின்வாங்கினார்கள். ஹெராத்துக்குத் தெற்கே சப்ஸவார் என்ற பழைய ஊர் ஷிந்தந்த் ஆனதும் இந்தப் பெயர்மாற்ற அலையில்தான். பாரசீகத்தில் 'சப்ஸ்' என்றால் பச்சை. பஷ்தோவில் 'ஷின்' என்றாலும் பச்சை, நீலமும்தான். ஊரின் நிறம் மாறவில்லை, அதைச் சொல்லும் மொழி மாறியது.

அந்த முயற்சி வீண்போனது என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். 1937-இல் காபூலில் பஷ்தோ டோலனா என்ற மொழிக்கழகம் உருவாயிற்று. அகராதிகளும் இலக்கணமும் போட்டார்கள். கலைச்சொற்களும் புழக்கத்துக்கு வந்தன. 'தூன்' என்ற இடப்பொருள் விகுதியைக் கவனியுங்கள். நம் 'அகம்' போன்றது. 'போஹ' என்றால் அறிவு, போஹன்தூன் என்றால் பல்கலைக்கழகம். 'ரோக்' என்றால் நலம், ரோக்தூன் என்றால் மருத்துவமனை. 'தர்மல்' என்றால் மருந்து, தர்மல்தூன் என்றால் மருந்தகம். கேட்டதும் கட்டுமானம் பிடிபட்டுவிடுகிற நல்ல சொற்கள். ராணுவப் பதவிப் பெயர்களும் பஷ்தோவில் அமைந்தன: தோரன் என்றால் கேப்டன், ஜக்ரன் என்றால் மேஜர், தகர்வால் என்றால் கர்னல். தாரி பேசும் படைவீரரும் அப்படியேதான் சொல்வார். பேராசிரியர் 'போஹாந்த்', ஒரு சொல்கூடப் பஷ்தோ பேசாத பேராசிரியரும் போஹாந்த்தான்.

சண்டை முளைத்தது இந்த இடத்தில். பாரசீகத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தானிஷ்கா என்று சொல். 'தானிஷ்' அறிவு, 'கா' இடம். போஹன்தூனைப் பிரித்தாலும் இதே பொருள்தான், இதே கட்டுமானம்தான். தாரி பேசும் மாணவர்கள் எங்கள் மொழியில் எங்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, பலகையில் அதுவும் இருக்கட்டும் என்றார்கள். எதிர்ப்பவர்கள், அது ஈரானிலிருந்து வந்த சொல், நம் தாரியில் புழங்காதது என்றார்கள். இந்த வாதம் எனக்கு ஒருபோதும் விளங்கவில்லை. காபூலின் பழைய பிரசவ மருத்துவமனைக்கே ஸாயிஷ்கா என்றுதான் பெயர். அந்த 'கா' நமக்கும் அந்நியமில்லை. நாகூர் தர்காவில் இருப்பதும் அதே 'கா'தான். 'தர்' வாசல், 'கா' இடம்.

2004 அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு ஒரு கையால் தாராளமாகக் கொடுத்தது. பஷ்தோவும் தாரியும் ஆட்சிமொழிகள். உஸ்பெக், துருக்மென், பலூச்சி, பாஷாயி, நூரிஸ்தானி, பாமீரி ஆகியவை எங்கே பெரும்பான்மையோ அங்கே மூன்றாவது ஆட்சிமொழி என்றது. அதே பிரிவின் கடைசி வரி, நடப்பிலுள்ள தேசிய அறிவியல், நிர்வாகச் சொற்கள் அப்படியே காக்கப்படும் என்றது. அதாவது பல்கலைக்கழகம் போஹன்தூன்தான். 2008-இல் பல்க் மாகாணத்து அரசுத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் செய்தியில் தானிஷ்கா என்று சொன்னதற்காக அமைச்சகம் அபராதம் விதித்தது. பாரசீகப் பெருங்கவிஞர் ரூமி பிறந்ததாகப் போற்றப்படும் பல்க்கில் ஒருவர் பாரசீகச் சொல்லைப் பாரசீகத்தில் சொன்னதற்கு அபராதம்! உயர்கல்விச் சட்டம் இந்த ஒரு சொல்லால் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

தேசிய கீதம் பஷ்தோவில் இருக்க வேண்டும் என்றது 20-ஆம் பிரிவு. அதில் எல்லா இனங்களின் பெயரும் வர வேண்டும் என்றும் சொன்னது. 2006-இல் வந்த கீதம் உஸ்பெக், ஹஸாரா, தாஜிக், துருக்மென், பாமீரி, நூரிஸ்தானி, ஐமாக் என்று பட்டியல் போட்டுப் பாடியது. எல்லோருடைய பெயரும் இருந்தது, ஒருவருடைய மொழியில். அடையாள அட்டையிலும் இதே கதை. மின்னணு அட்டையில் 'ஆப்கன்' என்ற சொல்லைத் தேசிய அடையாளமாக அச்சிட வேண்டுமா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். வரலாற்றில் 'ஆப்கன்' என்றால் பஷ்தூன் என்றே பொருள் என்பதால், தாஜிக்குகளிலும் ஹஸாராக்களிலும் பலர் அதை ஏற்கவில்லை. 2018-இல்தான் அட்டை வெளிவந்தது.

இனி, தாரியும் பாரசீகமும் ஒன்றா? ஒன்றுதான். ஒரே மொழியின் மூன்று எழுத்து வழக்குகள்: ஈரானில் பார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தஜிகிஸ்தானில் தாஜிக். 1964 அரசியலமைப்பில்தான் ஆப்கன் அரசு 'தாரி' என்ற பெயரை அதிகாரபூர்வமாக வைத்தது. பெயர் புதிதன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கவிஞர்களே தங்கள் மொழியைத் தாரி என்றார்கள், அரசவை மொழி என்ற பொருளில். நோக்கம்தான் புதிது: இது ஈரானின் மொழியன்று, நம்முடையது என்று காட்டுவது. வீட்டில் இன்றைக்கும் பலர் 'பார்சி' என்றே சொல்கிறார்கள். 2017-இல் பிபிசி தன் ஆப்கன் முகநூல் பக்கத்துக்கு 'பிபிசி தாரி' என்று பெயர் மாற்றியபோது, எங்கள் மொழியை வெட்டி வேறாக்காதே என்று பெரும் கண்டனம் எழுந்தது.

வேறுபாடுகள் உண்டு, சுவையானவை. தெஹ்ரானில் 'ஷீர்' என்றால் சிங்கமும் பாலும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. காபூலில் சிங்கம் ஷேர், பால் ஷீர். பழைய ஏகாரத்தைத் தாரி காப்பாற்றிவிட்டது, தெஹ்ரான் தொலைத்துவிட்டது. இந்தியாவுக்கு வந்ததும் அந்தப் பழைய ஒலிதான். அதனால்தான் நாம் ஷேர் ஷா என்று படித்தோம், ஷீர் ஷா என்று படிக்கவில்லை. உருளைக்கிழங்கு காபூலில் கச்சாலு, தெஹ்ரானில் 'மண் ஆப்பிள்'. தக்காளிக்குக் காபூல்காரர் சொல்வது 'பாஞ்சானே ரூமி', அதாவது ரோம நாட்டுக் கத்தரிக்காய். கார் காபூலில் மோட்டர், தெஹ்ரானில் மாஷின். மலையாளம் தமிழிலிருந்து விலகிய தூரமெல்லாம் இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஷ்தோ அப்படியன்று. தாரிக்குத் தூரத்து உறவுதான்; ஈரானிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளை. தாரியில் இலக்கணப் பால் இல்லை. பஷ்தோவில் ரொட்டி பெண்பால். இறந்தகாலத்தில் இன்னும் வேடிக்கை: 'நான் ஆப்பிள் தின்றேன்' என்றால் வினைமுற்று எனக்கு இசையாது, ஆப்பிளுக்கு இசையும். ஆப்பிளுக்கு அவர்கள் சொல்வது 'மண'. அந்த ணகரம் நம் ணகரமேதான், நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். டகரமும் உண்டு, டோடை, டோலனா என்ற சொற்களில் பார்த்தீர்கள். அரபு எழுத்தில் இந்த ஒலிகளுக்கு இடமில்லாததால் எழுத்தின் கீழே சிறு வளையம் போட்டுத் தனி எழுத்து செய்துகொண்டார்கள். ஆப்கானிஸ்தான் பலகை ஒன்றில் வளையம் தொங்கும் எழுத்தைக் கண்டால் பஷ்தோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கந்தஹாரில் 'பஷ்தோ', பெஷாவரில் 'பக்தோ'. ஒரே எழுத்து, தெற்கே ஷகரம், வடகிழக்கே ககரம். ஔரங்கசீப்பை எதிர்த்து வாளெடுத்த குஷால் கான் கட்டக் பஷ்தோவில் எழுதியவர். எழுதத் தெரியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த 'லண்டை' என்னும் ஈரடிப் பாடலும் உண்டு; முதலடி 9 அசை, இரண்டாமடி 13 அசை. குத்தலும் காதலும் அதில்தான்.

இவ்வளவு நேரம் இரண்டு மொழிகளைப் பற்றியே பேசிவிட்டேன். ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதும் எல்லோரும் செய்யும் தவறு இது. வடக்கே ஃபார்யாப், ஜௌஸ்ஜான் பக்கம் உஸ்பெக் மொழி. இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 1441-இல் பிறந்த அலிஷேர் நவாயி, பாரசீகத்தைவிட, உஸ்பெக்கின் முன்னோடியான துருக்கிய மொழி எதில் குறைந்தது என்று கேட்டு 1499-இல் ஒரு நூலே எழுதினார். மொழிவாதம் அந்த மண்ணுக்கு ஐந்நூறு ஆண்டுப் பழக்கம். 1978-க்குப் பின் வந்த இடதுசாரி அரசு உஸ்பெக், துருக்மென், பலூச்சி, நூரிஸ்தானி மொழிகளுக்கு வானொலியும் செய்தித்தாளும் தந்தது. அந்த ஆட்சியின் கொடுமைகளை யாரும் மறக்க மாட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் வடக்கே இன்னும் நல்லவிதமாகச் சொல்வோர் உண்டு.

2004 அரசியலமைப்பு 'நூரிஸ்தானி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிய இடத்தில் உண்மையில் கத்தி, வைகலி, அஷ்குன், பிரசுன் என்று வெவ்வேறு மொழிகள். ஒரு பள்ளத்தாக்குக்காரர் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்காரருக்குப் புரியாது. 'பாமீரி'யும் அப்படியே: ஷுக்னி, வாகி, இஷ்காஷிமி, முஞ்ஜி. மாணவருக்கு எந்த மொழியில் பாடநூல் அச்சிடுவது என்று கேட்டிருந்தால் சட்டம் எழுதியவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். லோகரில் ஓர்முரி, இந்துகுஷ் மடிப்புகளில் பராச்சி என்று சட்டத்தில் பெயர்கூட வராத சின்னஞ்சிறு மொழிகளும் உண்டு. ஹெராத் பக்கத்தில் பேசப்பட்ட மொகோலி, செங்கிஸ் கான் காலத்து மிச்சமான மங்கோலிய மொழி, பேச ஆளில்லாமல் போய்விட்டது.

நமக்கென்று ஒரு செய்தி இந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. அதே அரசியலமைப்பின் 4-ஆம் பிரிவு நாட்டின் இனங்களாகப் பெயர் சொன்ன பதினான்கில் கடைசிப் பெயர் பிராகுயி. தென் ஆப்கானிஸ்தானிலும், அதைவிட மிகுதியாகப் பாகிஸ்தானின் கலாத் பக்கத்திலும் பேசப்படும் பிராகுயி ஒரு திராவிட மொழி. அவர்களுக்கும் 'நீ' என்றால் நீதான். கண் 'ஃகன்', கல் 'ஃகல்', இரண்டு 'இரட்'. எண்களில் ஒன்றும் இரண்டும் மூன்றும்தான் சொந்தம். நான்கிலிருந்து பலூச்சியிடமும் பாரசீகத்திடமும் கடன். காபூல் தேசிய கீதத்தில் ஒரு திராவிட மொழிக்காரர்களின் பெயர் இருந்தது என்பது தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருந்தது என்றுதான் எழுத வேண்டும். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும் அந்த அரசியலமைப்பு கிடப்பில் போனது, கீதமும் போனது. தலைமையில் பெரும்பாலோர் தெற்குப் பஷ்தூன்கள். அலுவலகங்களில் பஷ்தோவின் கை ஓங்கியிருக்கிறது. பல்கலைக்கழகப் பலகைகள் சிலவற்றிலிருந்து தாரிச் சொல் நீக்கப்பட்டதும் செய்தியானது. ஆனாலும் அவர்களே அறிக்கைகளைப் பஷ்தோவிலும் தாரியிலும் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். வரி வாங்க வேண்டும், வழக்கு விசாரிக்க வேண்டும், காபூல் கடைக்காரரிடம் பேச வேண்டும். அகமது ஷா காலத்துக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

இந்தி எதிர்ப்போடு ஏன் பொருந்தாது என்று இப்போது விளங்கியிருக்கும். அங்கே ஆள்பவரின் தாய்மொழிதான் பொதுப் புழக்கத்தில் இளைத்த மொழி. தாரியை மற்றவர்கள் கற்றது பெரும்பாலும் ஆணைக்குப் பணிந்து அல்ல; சந்தைக்கும் கோப்புக்கும் அது தேவைப்பட்டது. ஆணை போட்டுப் பரப்ப முயன்றது பஷ்தோவை. பஷ்தோ பேசுபவரின் குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன்: நாட்டில் பாதிப் பேருக்குத் தாய்மொழி என்று சொல்லிக்கொண்டு, தலைநகரில் மருத்துவரிடம் போனால் தன் வலியை அடுத்தவர் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. லாஜ்பத் நகரில் அதையே பார்த்தேன். மருந்துக்கடைப் பலகைகளில் 'தவாஹானா' என்று தாரியில் இருக்கும். தர்மல்தூன் என்று எழுதிய பலகை ஒன்றைக்கூட நான் அங்கே கண்டதில்லை.

எதைக் கற்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். தாரியில் தொடங்குங்கள், இலக்கணம் எளிது, ஈரானிலும் தஜிகிஸ்தானிலும் செல்லும், உருது தெரிந்திருந்தால் பாதிச் சொற்கள் முன்பே உங்களிடம் இருக்கும். பஷ்தோவுக்கு இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். ணகரத்துக்கு மட்டும் தமிழருக்குப் பயிற்சி தேவையில்லை. கந்தஹார்ப் பெரியவர் என்னிடம் 'மண' என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். கடைக்காரரையும் சொல்லச் சொன்னார். அவருக்கு 'மனா' என்றுதான் வந்தது. பெரியவர் என்னைக் காட்டி அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கடைக்காரர் அதற்குத் தாரியில் பதில் சொன்னார்.